வீட்டுக்கா, மறுபடிக்கா

வீட்டுக்குள் யாரோ ஒருத்தன் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான்.

இன்பராஜ் சந்து முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். சனிக்கிழமை மத்தியானம். தண்ணீர் லாரி வராததால் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் ட்ரம் ஒன்றும் ஓடவில்லை. மேஸ்திரி எல்லாரையும் சாப்பாட்டு வேளையிலேயே அனுப்பிவிட்டார். இந்த நேரத்துக்கு அவன் வருவான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே எந்தக் கிட்டார் என்று அவனால் சொல்லிவிட முடியும். ஏழும் அவன் பார்த்துப் பார்த்து வாங்கியவை. இது ஜப்பானில் செய்தது; அவன் வைத்த பேர் ஜப்பான்காரன். பெங்களூரில் ஒரு ஹோட்டல் பேண்ட் கலைந்தபோது ஓடிப்போய் வாங்கி, ரயிலில் உட்கார இடம் இல்லாமல், கதவோரம் நின்று குழந்தையைப்போல் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தது. அதைத்தான் எவனோ தொட்டிருக்கிறான். தொட்டது போதாதென்று நன்றாக வேறு வாசிக்கிறான். கொஞ்சமும் அவசரம் இல்லை. ஒவ்வொரு சுரமும், மேசைமேல் விரித்துத் தடவிவிட்ட ஈரத்தோல் மாதிரி, போட்ட இடத்தில் படிந்து உட்கார்ந்தது. இப்படி வாசிக்கிறவன் ஆம்பூர்ப் பக்கம் யார்? காட்பாடி நவநீதனா? அவனுக்கு இந்த வீடு தெரியும். அவன் மனைவி ஹெலன் கையால் டீ வாங்கிக் குடித்தவன்.

வாசலில் ஆண் செருப்பு ஒன்றும் இல்லை. ஹெலனின் ஊதாச் செருப்பு மட்டும் கிடந்தது. செருப்பைக்கூட உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டானா படுபாவி என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் திரையை விரலால் விலக்கினான்.

கட்டில் விளிம்பில் ஹெலன் உட்கார்ந்திருந்தாள். நைட்டிமேல் துண்டு. மடியில் ஜப்பான்காரன். கண்கள் மூடியிருந்தன. வலது கால் மட்டும், அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி, ஏறாமல் இறங்காமல் சீராகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எவனாவது இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கலாம். இதை எதைப் பிடித்து இழுப்பது?

உள்ளே போனதும் அவன் வாயில் வந்த முதல் வார்த்தை, "கை கழுவினியா?" என்பதுதான்.

ஹெலன் பதறி எழுந்தாள். பிறகு சிரித்தாள். "கழுவினேன் மாமா. சோப்பு போட்டுத்தான். கம்பெனில ஷூ ஒட்டற சொல்யூஷன் நாத்தம் கூட இல்ல, மோந்து பாரு."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"சனிக்கிழம அரைநாள்தான எனக்கு. நீ வர்றதுக்குள்ள சும்மா எட்த்துப் பாப்பேன். ரெண்டு வருசமா நீ வாசிக்கறதப் பாத்துனுதான இருக்கேன். எப்டி இருக்குது?"

"வேர்வக் கை பட்டா கம்பி துரு புடிச்சிடும்" என்றான் இன்பராஜ். கிட்டாரை வாங்கி, மஞ்சள் துணியால் கம்பி கம்பியாகத் துடைத்தான். அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த வீட்டில் இரண்டே அறை. அதில் ஒன்று கிட்டார்களுக்கு. சுவரில் ஆணியடித்து ஆறு தொங்கும். ஜப்பான்காரனுக்கு மட்டும் தனி ஸ்டாண்ட். கீழே இரண்டு ஆம்ப், ஒரு பலகைமேல் வரிசையாகக் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல்கள், பிஸ்கட் டின்களில் குமிழ், திருகு, பழைய கம்பி. மழை நாளில் ஈரம் ஏறாமலிருக்க நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று ராப்பகலாக எரியும். பிள்ளை இல்லாத வீட்டில் வேறு எதற்கு அறை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஹெலன் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இன்பராஜுக்குத் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் வேலை. முடிந்து வருகிற தோலைக் குழல்விளக்குக்குக் கீழே விரித்து, கீறல், உண்ணி கடித்த தடம், சுருக்கம் எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். கழிவுக்குப் போகிற தோலில் நல்ல துண்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்து ஒவ்வொரு கிட்டாருக்கும் தோளில் மாட்ட வார் தைத்து மாட்டியிருந்தான். அந்தக் கண்ணும் கையும் கிட்டார் வாங்கும்போது அவனை ஏமாற்றியதே இல்லை. வாசிக்கும்போதுதான் ஏமாற்றின. சர்ச் சபைப் பாட்டுக் குழுவில் பத்து வருஷமாக வாசிக்கிறான். அவன் வாசித்தால் பாட்டு தாளத்தை முந்தி ஓடும். மூன்றாம் சரணத்துக்கு வரும்போது முன்வரிசைக் கிழவிகளுக்கு மூச்சு வாங்கும். எல்லாருக்கும் தெரியும். ஆம்ப், வயர், மைக் எல்லாம் அவனுடையது என்பதால் யாரும் சொன்னதில்லை.

அதன்பின் ஹெலன் ஒளிக்கவில்லை. ஜப்பான்காரனின் வார் அவளுக்கு நீளமாக இருந்ததால் கம்பெனியிலிருந்து பஞ்ச் கொண்டுவந்து, நாலு விரல் உள்ளே தள்ளி ஒரு துளை போட்டுக்கொண்டாள். இன்பராஜ் அதைப் பார்த்துவிட்டு, "தோல் அறுந்துடப் போவுது" என்றான்.

"உங்கிட்ட கேட்டுத்தான போட்டேன். ம்ம்னு சொன்ன."

"நான் போன் பாத்துனு இருந்தேன்."

சில மாதம் கழித்து நவநீதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பெடல் ஒன்றைக் காட்ட வந்தான். காலேஜ் லேப்பில் வேலை பார்க்கிறவன். அவனிடமும் ஐந்து பேஸ் உண்டு. யாரிடம் என்ன இருக்கிறது, யார் எதை எவ்வளவுக்கு விட்டார்கள் என்பதுதான் இருவரும் பேசுவது. அன்றைக்கு அவன், "அக்கா, நீங்க வாசிப்பீங்களாமே" என்று கேட்டு, போனில் படம் பிடித்து, கிட்டார்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான்.

அந்தக் குரூப்பில் இன்பராஜ் போடாத படமா? ஒவ்வொரு கிட்டாரையும் வெயிலில் வைத்து, நிழலில் வைத்து, ஏலகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி மொட்டை மாடியில் சாய்த்து எடுத்துப் போட்டிருக்கிறான். 'சூப்பர்' என்று வரும், கட்டைவிரல் வரும். அவன் வாசித்துப் போட்ட வீடியோக்களுக்குக் கட்டைவிரலோடு சரி. ஹெலன் வீடியோவுக்கு அன்று இரவு வரை போன் அடங்கவில்லை. யாருப்பா அந்த அக்கா? டைமிங்கப் பாருங்கடா. அக்கா கிட்ட க்ளாஸ் எடுக்கச் சொல்லுங்க. எவனோ ஒருத்தன், 'பேஸ் நம்ம இன்பா அண்ணனோடது' என்று எழுதியிருந்தான். அதற்கு ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது.

"இன்னா மாமா, போனையே மொறச்சினு கீற?" என்றாள் ஹெலன்.

"ஒண்ணுமில்ல. சார்ஜ் கம்மியா கீது."

அடுத்த வாரம் பாட்டுக் குழுவை நடத்துகிற டேனியல் மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணீரென்ற குரல். அந்தக் குரலைச் சின்னதாக்கிக்கொண்டு பேசினார்.

"இன்பா, அறுப்பின் பண்டிகைக்கு ஹெலன் வாசிக்கட்டும்பா. பொம்பளைங்க பாட்டுதான ஜாஸ்தி இந்த வாட்டி. நீ... நீ சவுண்டப் பாத்துக்கோ. ஆம்பு, வயரு இதெல்லாம் உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?"

"தாராளமா மாஸ்டர்" என்றான் இன்பராஜ். சிரித்தபடிதான் சொன்னான். மாஸ்டர் குடித்துவிட்டு வைத்த டீ கிளாசை எடுத்துப்போய்க் கழுவியவன், கழுவிக்கொண்டே இருந்தான்.

தோல் ஷாப்பில் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் தபரேஸ். இருவரும் பத்து வருஷ தோஸ்துகள். மறுநாள் இன்பராஜ் நல்ல தோல் ஒன்றைக் கழிவுக் குவியலில் வீச, அவர் எடுத்துத் திரும்ப விரித்தார்.

"இதுல இன்னா கீறல் பாத்த? கண்ணு எங்க கீது உனக்கு?"

இன்பராஜ் மெதுவாகச் சொன்னான். முழுதும் சொல்லவில்லை. ஆனாலும் தபரேசுக்குப் புரிந்துவிட்டது.

"அட பேஜாரே! எங்க வூட்ல பிரியாணி என்ன வுட என் பொஞ்சாதி உமைமா நல்லா போட்றா. அதுக்கு நான் பிரியாணி தேக்சாவ வித்துட்டேனா? உக்காந்து துண்றேன்."

"அது சோறு பாய். இது வேற."

"இன்னா வேற?"

"பத்து வருசமா நான் தேடுனது பாய் அது. கம்பி மாத்திப் பாத்தேன், பெடல் மாத்திப் பாத்தேன், ஏழு கிட்டாரு மாத்திட்டேன். அவ சும்மா உக்காந்து எடுத்துட்டா."

தபரேஸ் தோலைப் புரட்டி மறுபக்கம் தடவிப் பார்த்தார்.

அந்தச் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான். பூசணி, கரும்புக் கட்டு, வாழைத்தார், கோழி, கேக் என்று அவரவர் காணிக்கையாகக் கொடுத்ததை ஆராதனைக்குப் பிறகு மைதானத்தில் ஏலம் விடுவார்கள். சபைக்காரர்கள் மட்டுமில்லை, ஊரே வரும். ஏலம் எடுத்தவனைப் பார்த்து, "வீட்டுக்கா, மறுபடிக்கா?" என்று கேட்பது அங்கே வழக்கம். வீட்டுக்கு என்றால் கொண்டுபோகலாம். மறுபடிக்கு என்றால் கட்டிய பணமும் சபைக்கு, பொருளும் திரும்ப ஏலத்துக்கு. போன வருஷம் தபரேஸ் எடுத்த சேவல் அப்படித்தான் நாலு கை மாறி, ஒவ்வொரு தடவையும் கூவிக் கடைசியில் அவரிடமே வந்து சேர்ந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஹெலனுக்கு ஓவர்டைம். இன்பராஜ் ஜப்பான்காரனைப் பையில் போட்டு, சபைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். சபை ஆயர் அவன் தோளைத் தட்டி, பெரிய மனசு என்றார். திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய மனசு என்ற சொல் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது.

ஹெலன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். காலி ஸ்டாண்டைப் பார்த்தாள். கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து, இரண்டு தட்டில் வைத்த பிறகுதான் கேட்டாள்.

"எங்க மாமா?"

"கர்த்தருக்குக் குடுத்துட்டேன். காணிக்கை."

அவள் களியை உருட்டிக் கீரையில் தோய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "ஏழு கீது இந்த வூட்ல. அதுவாத்தான் வேணும்னு கேட்டாரா?"

"குடுத்தா நல்லதத்தான் குடுக்கணும். ஆபேல் ஆட்டுல தலையீத்தக் குடுத்தான்."

"சரி. ஆபேல் நீயாவே இரு." அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "அந்தக் கதையில பொறாமையில தம்பிய அடிச்ச காயீனு ஒருத்தன் வருவானே. அவன் யாரு மாமா?"

இன்பராஜ் களியை மென்றான். களியை யாரும் மெல்லுவதில்லை. விழுங்குவதுதான்.

"வேற எத வேணாலும் எடுத்து வாசியேன். அஞ்சு கம்பிது கீது. அத எட்த்துக்கோ" என்றான் கடைசியில்.

"வாணாம். அதெல்லாம் உன்னுது." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு நீயே வாசி. நான் மாஸ்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்றேன்."

பாத்திரம் தேய்க்கும்போது அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பான். அவள் வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாக்யா, பாக்யா என்று இரண்டு முறை கேட்டது. பாக்யலட்சுமி கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மெஷின்.

ஞாயிறு காலை தை மாதப் பனி மைதானத்தில் விலகாமல் நின்றது. ஆராதனையில் இன்பராஜ் ஐந்து கம்பிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் விரும்பிய இடம்தான். வாசிக்கத் தொடங்கினான். இரண்டாம் சரணத்தில் டேனியல் மாஸ்டரின் கை, காற்றில், மெதுவா மெதுவா என்று அழுத்தியது. மூன்றாம் சரணத்தில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன் அவனைப் பார்த்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தான். பெண்கள் வரிசையில் ஹெலன் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றாள். புடவைக்குக் கீழே அவள் வலது கால் பாட்டுக்குச் சரியான இடத்தில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவன் ஒருவனுக்குத்தான் அது தெரிந்தது. தெரிந்தும், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே, அதற்கு முன்னால் ஓடினான்.

ஏலத்துக்குக் கூட்டம் நெரிந்தது. டேனியல் மாஸ்டர் நாற்காலிமேல் ஏறி நின்று கூவினார். பூசணிகள் போயின. தபரேஸ் இந்த வருஷமும் ஒரு சேவலை எடுத்து, இன்பராஜிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"அடுத்து நம்ம இன்பராஜ் குடுத்த பேஸ் கிட்டாரு! ஜப்பான் சரக்கு!"

முதல் கை நவநீதனுடையது. காட்பாடியிலிருந்து அதற்காகவே வந்திருந்தான். அடுத்த கை எழுந்தது பெண்கள் பக்கத்திலிருந்து. பாக்யலட்சுமி. நெற்றி நிறையக் குங்குமம். அவளைச் சுற்றி ஷூ கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"ஏம்மா, கிட்டாருமா இது, வாழத்தாரு இல்ல!" என்று எவனோ கத்தினான்.

"கண்ணு தெரியுதுப்பா எனக்கு. நீ ஏத்தறதா இருந்தா ஏத்து, இல்லன்னா வாய மூடினு கரும்பு துன்னு" என்றாள் பாக்யலட்சுமி.

கூட்டம் சிரித்தது. நவநீதன் விலையை ஏற்றினான். அவளும் ஏற்றினாள். இன்பராஜுக்குப் புரிந்துவிட்டது. ராத்திரி போன் எதற்கு என்று தெரிந்துவிட்டது. இத்தனை பேர் ஹெலனுக்காக வந்து நிற்கிறார்கள். தனக்காக என்றாவது ஒருத்தன் ஒரு கம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறானா? நவநீதன் அவர்களைப் பார்த்தான். பின்னால் நின்ற ஹெலனையும் பார்த்தான். கையை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

சேவல் படபடவென்று இறக்கையை அடித்தது. இன்பராஜின் கை மேலே போயிருந்தது.

"இன்பா, பைத்தியமா நீ?" என்றார் தபரேஸ். கூட்டத்துக்கு விளங்கவில்லை. கொடுத்தவனே எடுக்கிறானே என்று சிலர் கை தட்டினார்கள். பாக்யலட்சுமி அவனை முறைத்துக்கொண்டே ஏற்றினாள். அவன் ஏற்றினான். புது ஆம்ப் வாங்க வைத்திருந்த பணம் முழுதும் போனது. அவன் நிறுத்தவில்லை. பெண்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். பாக்யலட்சுமி கையைத் தொங்கப் போட்டாள்.

"மூணுதரம்! இன்பராஜுக்கு!"

கை தட்டல் பாதியிலேயே அடங்கிப்போனது. அதற்குள் கம்பெனிப் பெண்கள் எதற்கு ஏலம் கேட்டார்கள் என்ற பேச்சு மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டது. அவன் சேவலைத் தபரேசிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனான். மாஸ்டர் கிட்டாரை நீட்டினார். வாங்கியதும் பழக்கத்தில் வாரைத் தோளில் மாட்டினான். கிட்டார் அவன் கழுத்துக்குக் கீழே, மார்பில், பால் குடிக்கிற குழந்தை மாதிரி ஏறி நின்றது. கையை வைக்க இடம் இல்லை. ஹெலன் போட்ட துளையில்தான் வார் மாட்டியிருந்தது.

"அளவு அண்ணனுக்குப் பத்தலியே!" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

அவன் குனிந்து துளையைப் பார்த்தான். சனிக்கிழமை சனிக்கிழமையாக அவள் தோளில் கிட்டார் எடை தாங்கி, இழுபட்டு, துளை நீண்டிருந்தது. சுற்றிலும் தோல் கறுத்து வழவழத்திருந்தது. அவனுடைய பழைய துளைகள் போட்ட நாளில் இருந்தபடியே வட்டமாக இருந்தன. தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவனுக்கு அதற்குமேல் யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"வீட்டுக்கா, மறுபடிக்கா?" என்றார் மாஸ்டர். அவர் குரல் மறுபடி சின்னதாகியிருந்தது.

இன்பராஜ் பெண்கள் பக்கம் பார்த்தான். ஹெலன் அவனைப் பார்க்கவில்லை. கிட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"மறுபடி" என்றான்.

"இன்னா? சத்தமா சொல்லு!"

"மறுபடிக்கு, மாஸ்டர்!"

கிட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தபரேஸ் பக்கத்தில் நின்றான். "பாய், என் கையப் புடிச்சிக்கோ" என்றான். தபரேஸ் ஒரு கக்கத்தில் சேவலையும் இன்னொரு கையில் அவன் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். பாக்யலட்சுமி கை தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை. மாஸ்டர் ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுத்து இழுத்துச் சொல்லும்போது இன்பராஜின் கை இரண்டு முறை துள்ளியது. தபரேஸ் விடவில்லை.

"மூணுதரம்! யார் பேருல எழுதணும்மா?"

"ஹெலன் பேருல எழுதுங்க. எங்க மெஷின் லைன்ல போட்ற சீட்டுப் பணம் இந்த மாசம் அவளுக்குத்தான். நாங்க சும்மா கைதான் தூக்கினோம், காசு அவளுது" என்றாள் பாக்யலட்சுமி. "வீட்டுக்கா மறுபடிக்கான்னு கேக்காதீங்க சார். வீட்டுக்குத்தான்!"

கூட்டம் கலைந்தபோது தபரேஸ் சேவலை இன்பராஜ் கையில் திணித்தார். "எட்னு போ. வெறுங்கையோட வூட்டுக்குப் போவாத."

சாயங்காலம் அவன் சேவலை வாசல் குழாயடியில் கட்டிவிட்டு உள்ளே போனான். ஹெலன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அவனுடைய மஞ்சள் துணி இல்லை. அவளுடைய பழைய புடவைக் கிழிசல். ஸ்டாண்டை அறைக்குள்ளிருந்து எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான். எரிச்சல் போகவில்லை. பணம் போனதைவிட, இனி அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது என்பது எரிந்தது. அதைவிட, அவள் இப்போது வாசிக்கப்போவது எரிந்தது. கேட்காமலும் இருக்க முடியாது போலிருந்தது.

"ஹெலனு."

"இன்னா?"

"நான் ஓடுறேன் இல்ல?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "ஓடுற மாமா. கல்யாணம் ஆனதுலேந்து ஓடுற."

"சொல்லவே இல்லியே நீ."

"நீ இன்னா பெடல் வாங்கலாம்னுதான கேப்ப."

வெளியே சேவல் வேளை கெட்ட வேளையில் கூவியது. ரயில் ஒன்று பெங்களூர்ப் பக்கம் போயிற்று.

"கொஞ்சம் குடேன். ஒரே ஒரு பாட்டு. நீ காலால தட்டு, நான் அத வுட்டுப் போவாம வாசிச்சுப் பாக்கறேன்" என்றான். கையை நீட்டினான்.

ஹெலன் அந்தக் கையைப் பார்த்தாள். கிட்டாரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கை கழுவிட்டு வா மாமா. கோழி புடிச்ச கை. சோப்பு போட்டுக் கழுவு."

இன்பராஜ் குழாயடிக்குப் போனான். சோப்பை எடுத்து நகக்கண் வரை தேய்த்தான். அவன் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. உள்ளே ஜப்பான்காரனின் சத்தம் தொடங்கிவிட்டது. அவன் கால் தானாக மிதிக்க ஆரம்பித்து, மூன்றாவது அடியிலேயே முந்தியது. காலைத் தூக்கியபடி நிறுத்தி, அவளுடைய அடி வரட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வந்ததும் வைத்தான்.

கையைக் கழுவியது போதாது என்று தோன்றி, மறுபடி சோப்பை எடுத்தான்.